பத்து விரலும் ஒரு மூக்கும்

என் கவிதையை யாரும் ஒருநாளும் திட்டியதில்லை. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை, வயிறெரிந்து சொல்கிறேன்.

ஜெர்மன் நகரமான டோர்ட்மண்டில் இருந்துகொண்டு பத்து வருடங்களுக்கு மேலாகத் தமிழில் கவிதை எழுதினேன். சனிக்கிழமைப் பின்னேரங்களில் ஒரு தேவாலய மண்டபத்தை வாடகைக்கு எடுத்து எங்கள் ஆட்கள் கூடுவார்கள். நான் எழுந்து வாசிப்பேன். முடிந்ததும், "நல்லாயிருக்கு அக்கா" என்று யாராவது சொல்வார்கள், எல்லோரும் கை தட்டுவார்கள், தின்பதற்கு ரோல்ஸ் தட்டு வரும். கருத்து வேறுபாடெல்லாம் ரோல்ஸைப் பற்றித்தான். உறைப்புக் காணாது என்று ஒரு பகுதி, கூடிப்போச்சு என்று இன்னொரு பகுதி. அரை மணித்தியாலம் சண்டை நடக்கும். நான் கையில் கவிதைத் தாளோடு பார்த்துக்கொண்டிருப்பேன்.

எங்களுக்கென்று ஒரு சிறு பத்திரிகையும் இருந்தது. அதை நடத்திய அண்ணை நல்ல மனிதர். கணினியில் எழுத்துக் கோர்ப்பதிலிருந்து தபாலில் போடுவதுவரை எல்லாம் தனி ஆளாகச் செய்வார். மரண அறிவித்தலுக்குக் கீழே இடம் மிஞ்சினால் என் கவிதை வரும். ஒருநாள் தொலைபேசி எடுத்தார். "தங்கச்சி, உங்கட கவிதையில ரெண்டு வரி கூடிப்போச்சு" என்றார். கடைசியில் ஒருவர் விமர்சிக்கிறார்! "எந்த வரி அண்ணை?" என்று ஆவலாய்க் கேட்டேன். "எந்த வரியெண்டாலும் பரவாயில்லை. கீழ இடம் காணாது" என்றார். அந்தப் பத்து வருடத்தில் என் எழுத்துக்குக் கிடைத்த ஒரே விமர்சனம் அதுதான்.

இதை என் கணவரிடம் சொல்லி அழுதபோது அவர் சிரித்தார். "உமக்கு விசரே? ஆரும் தன்னைப் பேசேல்லை எண்டு உலகத்தில ஆரும் கவலைப்படுவினமே?" என்றார். குட்டுப்பட்டாலும் மோதிரக்கையால் குட்டுப்பட வேண்டும் என்பார்கள். எனக்கு வெறுங்கையாலாவது ஒரு குட்டு விழுந்திருக்கலாம்.

இப்படி நான் குட்டுக்கு ஏங்கிக்கொண்டிருந்த காலத்தில்தான், இரண்டாயிரத்து ஐந்து ஆறு அளவில், அந்த ஆர்மேனியப் பெண் எங்கள் சமையலறைக்கு வேலைக்கு வந்தாள். நான் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை செய்தேன். அவள் என்னைவிட இரண்டு வயது இளையவள். கட்டையாக வெட்டிய தலைமயிர், எந்நேரமும் சிகரெட் மணம். யெரெவானிலிருந்து வந்தவள். எங்கள் இருவரின் ஜெர்மனும் ஒரே அளவுக்கு உடைந்திருந்ததால் நன்றாக விளங்கிக்கொண்டோம். அவள் பேசியதை இங்கே என் தமிழில்தான் தர முடியும்.

ஒருநாள் உருளைக்கிழங்குச் சீவலுக்கு நடுவே ஒரு சஞ்சிகையை விரித்து வைத்து வாசித்து வாசித்துச் சிரித்தாள். என்னவென்று கேட்டேன்.

"ஊரில் ஒரு பெரிய மனிதர் என்னைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருக்கிறார். நான் ஆர்மேனிய மொழிக்கே அவமானமாம்" என்றாள்.

"உன்னைப் பற்றி ஏன் எழுதினவர்?"

"நான் கவிதை எழுதுகிறேன்."

அம்மாளாச்சி! இரண்டு பக்கம்! அந்த எழுத்தில் எனக்கு ஒரு கொக்கிகூட விளங்காது. ஆனால் பக்கம் எண்ணத் தெரியும். நெருக்கமான எழுத்தில், படம் கிடம் ஒன்றுமில்லாமல், முழுதாக இரண்டு பக்கம். ஒரு மனிதன் மெனக்கெட்டு உட்கார்ந்து, அவளுடைய ஒரே ஒரு கவிதையை வரி வரியாய்த் திட்டியிருக்கிறான். அன்றைக்கு நான் சீவிய கிழங்கில் பாதி தோலோடே போனது.

பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கதையைக் கேட்டேன். அவர்களின் நாட்டில் பழைய கவிதை என்றால் மலை, கல், கோயில், தாய், எல்லாம் சந்தத்தோடு வர வேண்டும். பள்ளிப் பிள்ளைகள் எழுந்து நின்று மனப்பாடமாய்ச் சொல்வார்கள். நாடு தனியாகப் பிரிந்த பிறகு இளம் ஆட்கள் சிலர் கிளம்பினார்கள். அவர்களுக்குச் சந்தம் வேண்டாம், நிறுத்தக்குறி வேண்டாம். சந்தையில் பேசுகிற பேச்சு, கெட்ட வார்த்தை, உடம்பு, குப்பைத்தொட்டி எல்லாம் கவிதைக்குள் வந்தது. முதியவர்களுக்கு ஆத்திரம். இவ்வளவு பேரைச் சாகக் கொடுத்த இனத்துக்கு மொழி ஒன்றுதான் மிஞ்சிய வீடு, அதன் கண்ணாடியை நீங்கள் உடைக்கிறீர்கள் என்றார்கள். வீட்டுக்குள்ளே மூச்சு முட்டுகிறது, அதனால்தான் உடைக்கிறோம் என்று இவர்கள் சொன்னார்கள்.

அவளுடைய கவிதை பதினொரு வரி. மின்சாரம் இல்லாத ஒரு குளிர்காலத்தில் அவள் வீட்டில் எதையெதை அடுப்பில் போட்டு எரித்தார்கள் என்ற பட்டியல். வரிக்கு ஒரு பொருள். வினைச்சொல் இல்லை. கதிரையின் கால். கதிரையின் மற்றக் கால். அலுமாரிக் கதவு. இடதுகால் சப்பாத்து. பள்ளிக்கூடக் கவிதைப் புத்தகம். மேசை லாச்சி. வலதுகால் சப்பாத்து. இப்படியே போய், கடைசி வரி, கதிரை.

இடதுகால் சப்பாத்துக்கும் மேசை லாச்சிக்கும் நடுவில் அந்தப் புத்தகத்தை வைத்ததுதான் குற்றம். அதில்தான் நாடே கொதித்தது. "உண்மையாகவே எரித்தாயா?" என்று கேட்டேன். "ஓம். அட்டை மட்டும் சரியான புகை" என்றாள்.

எனக்கும் ஆசை விடவில்லை. என் கவிதை ஒன்றை இரண்டு கிழமை அகராதியோடு மல்லுக்கட்டி ஜெர்மனில் எழுதிக் கொடுத்தேன். பனி கொட்டும்போது என் பனைமரம் நினைவுக்கு வருகிறது என்ற கவிதை. இங்கே வந்த எங்கள் ஆட்கள் எல்லோரும் ஆளுக்கொன்று எழுதிய அதே கவிதைதான். அவள் வாசித்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். "ஷேன்" என்றாள்.

ஷேன் என்றால் அழகு. பக்கத்து வீட்டுக்காரியின் புதுத் திரைச்சீலைக்கும் இந்த ஊரில் அதே சொல்தான். தன் எதிரியைக் கசாப்புக்காரன் என்றும், தன் கூட்டாளியைக்கூட "வரியை நனைத்துப் பிழிகிறவன்" என்றும் சொல்கிற வாய், எனக்கு ஷேன் சொன்னது. அன்றைக்கே அவளில் எனக்கு எரிச்சல் தொடங்கிவிட்டது. அதை மறைக்க அவளுக்கு அடிக்கடி வடை சுட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

ஒரு ஞாயிறு பின்னேரம் கொலோனில் ஆர்மேனியர்களின் கூட்டம் ஒன்றுக்கு என்னையும் அழைத்துப் போனாள். நீண்ட மேசை, இறைச்சி, பாலாடைக்கட்டி, கீரைக்கட்டுகள், பிராண்டி. மேசைக்கு ஒரு தலைவர். அவர் கை காட்டுகிற ஆள் கிண்ணத்தோடு எழுந்து முதலில் வாழ்த்த வேண்டும். வாழ்த்தி முடிக்கும்வரை யாரும் குறுக்கே பேசக்கூடாது. இவள் தன் பதினொரு வரியை வாசித்தாள். பிறகு ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் எழுந்தார். இவளின் தாய் தகப்பனை வாழ்த்தினார். இவளின் கண்களை வாழ்த்தினார். இவளுக்கு நீண்ட ஆயுளும் சூடான வீடும் கேட்டார். இவள் என் காதுக்குள் எல்லாவற்றையும் ஜெர்மனில் சொல்லிக்கொண்டே இருந்தாள். கடைசியில் அவர், "இப்போது கவிதைக்கு வருவோம். இது அடுப்புச் சாம்பல். வாளியில் அள்ளிக் கொட்டுங்கள்" என்று சொல்லிக் கிண்ணத்தைக் காலி செய்தார்.

அவ்வளவுதான். ஏழு பேர் எழுந்தார்கள். ஒரு பெண் மேசையில் அடித்தாள். ஒருவர் கோபித்துக்கொண்டு வெளியே போய், தொப்பியை மறந்துவிட்டதால் திரும்பி வந்து, வந்த கையோடு இன்னும் கால் மணித்தியாலம் கத்தினார். பதினொரு வரிக்கு இரண்டு மணித்தியாலம்! இவள் நடுவில் கன்னம் சிவக்க, ராசாத்தி மாதிரி இருந்து சிகரெட் பிடித்தாள். நான் இறைச்சித் தட்டைத் தள்ளி வைத்தேன். சீ, என்ன மனுசி நான் என்று என்னையே திட்டிக்கொண்டேன். ஆனாலும் எரிந்தது. எனக்கு அந்த ஆசிரியர் வேண்டும் போலிருந்தது. எனக்கு அந்தத் தொப்பிக்காரர் வேண்டும் போலிருந்தது.

அந்த மாதமே எங்கள் பத்திரிகை அண்ணை பிறமொழிக் கவிதைகளுக்கு ஓர் இதழ் போட வெளிக்கிட்டார். எனக்குத் தெரிந்தவர்களில் வேற்றுமொழிக் கவி அவள் ஒருத்திதான் என்பதால் நான் வாய் திறந்தேன். "ஆர்மேனியாவோ? நல்ல விசயம். ஒரு கவிதையும், அவையின்ர சண்டையைப் பற்றி ரெண்டு பக்கமும் எழுதித் தாங்கோ தங்கச்சி" என்றார். அவளுக்கும் இரண்டு பக்கம், இங்கேயும்!

அவளிடம் சொன்னபோது சமையல் ஏப்பிரனைக் கழற்றிவிட்டு என்னைக் கட்டிப்பிடித்தாள். அவளுடைய கவிதை வேறொரு மொழிக்குப் போவது அதுதான் முதல்தடவை. அன்று மாலையே பதினொரு வரியையும் ஜெர்மனில் சுத்தமாக எழுதித் தந்தாள். "ஒன்றையும் கூட்டாதே. ஒன்றையும் குறைக்காதே. இந்தக் கவிதைக்கு நான் கேட்பது அவ்வளவுதான்" என்றாள்.

நான் என்ன செய்தேன் என்பதை மழுப்பாமல் சொல்கிறேன். முதல் நாலு வரியை அப்படியே எழுதினேன். ஐந்தாவது வரியில் புத்தகம் வந்தது. எங்கள் ஊரில் நூலகத்தையே வந்து எரித்தார்கள். அதற்குப் பிறகு எங்களில் யாராலும் எரிந்த புத்தகம் ஒன்றைச் சப்பாத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுச் சும்மா கடந்துபோக ஏலாது. கை நின்றுவிட்டது. அந்தப் புத்தகத்தைக் குளிருக்கு எரித்தார்கள் என்று எழுத மனம் வரவில்லை. யாரோ வந்து எரித்தார்கள் என்று எழுதினேன். அதுவரைக்கும் அது எங்கள் ஆட்களில் யாரும் செய்திருக்கக்கூடிய பிழை.

அதற்குப் பிறகு செய்ததுதான் என்னுடையது. புத்தகத்தைச் சுற்றி ஒப்பாரி வைத்தேன். மொழி எரிந்த தணலினிலே விழி எரிந்து போனதம்மா என்று தொடங்கி, வழி, பழி என்று எதுகைக்கு எதுகை போட்டு இழுத்தேன். அவள் எதை எதிர்த்துப் பத்து வருடம் அடி வாங்கினாளோ, அதையே தேடித் தேடி வைத்தேன். அவளுக்குத் தெரியாது என்ற துணிவு வேறு. அவர்களின் சந்தம் வரியின் கடைசியில் வரும்; எங்கள் எதுகை வரியின் தொடக்கத்தில் வரும்; அவள் காது அங்கே போகாது என்று கணக்குப் போட்டேன். எழுதி முடித்தபோது பதினேழு வரி. அவர்களின் சண்டையைப் பற்றிய இரண்டு பக்கத்தை எழுதாமலே விட்டேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்குச் சந்தோசமாக இருந்தது.

இதழ் வெளியீட்டுக்கு அவளையும் கூட்டிப்போனேன். நீலச் சால்வை போட்டுக்கொண்டு முன்வரிசையில் இருந்தாள். நான் மேடையில் ஏறி வாசிக்கத் தொடங்கினேன். அவள் இரண்டு கைகளையும் மடியில் விரித்து வைத்து, வரிக்கு ஒரு விரலாக மடக்கிக்கொண்டு வந்தாள். தமிழில் அவளுக்குத் தன் கவிதை எண்ணிக்கையால்தான் தெரியும். கதிரையின் கால், ஒரு விரல். மற்றக் கால், ஒரு விரல். ஐந்தாவது விரலில் சிரித்துக்கொண்டே என்னைப் பார்த்தாள், புத்தகம் வந்துவிட்டதென்று. பத்து விரலும் முடிந்தன. பதினோராவதற்கு மூக்கின் நுனியைத் தொட்டாள். தொட்ட விரலை எடுக்காமல் அப்படியே இருந்தாள். நான் இன்னும் வாசித்துக்கொண்டிருந்தேன்.

பின்வரிசையில் சனம் மூக்கை உறிஞ்சியது. கைக்குட்டைகள் வெளியே வந்தன. அவள் திரும்பி அவர்களைப் பார்த்தாள். அவளுடைய பட்டியலைக் கேட்டுச் சிரித்தவர்கள் உண்டு, தொப்பியை எடுத்துக்கொண்டு போனவர்கள் உண்டு. அழுதவர்கள் யாரும் இருந்ததில்லை.

எங்கள் கூட்டங்களில் ஒருநாளும் வாய் திறக்காத ஒரு பெரியவர் எழுந்தார். "உவ பத்து வருசமாக் கவிதை வாசிக்கிறா. இண்டைக்குத்தான் கவிதை வாசிச்சிருக்கிறா" என்றார். மண்டபம் அதிரக் கைதட்டல். நான் ஆயுள் முழுக்க எதிர்பார்த்த வாயிலிருந்து, நான் ஆயுள் முழுக்க எதிர்பார்த்த சொல். அதற்குள்ளேயே ஒரு குட்டும் இருந்தது. ஆனால் அதைக் கேட்டு மகிழ விடாமல் முன்வரிசை நீலச் சால்வை எழும்பி வெளியே போனது.

பின்னாலேயே போனேன். மேலங்கிகள் தொங்கவிட்டிருந்த இடத்தில் நின்றாள். "எத்தனை வரி?" என்று கேட்டாள்.

"பதினேழு."

"இப்போது அதை எனக்கு ஜெர்மனில் திருப்பிச் சொல்லு."

சொன்னேன். ஒன்றையும் மறைக்கவில்லை, மறைக்க நேரமும் இருக்கவில்லை. அவள் சுவரில் விரலால் தட்டிக் காட்டினாள், தட்டு, தட்டு, தட்டு. "இந்த வரிகள் தொடங்குகிற இடமெல்லாம் ஒரே மாதிரிக் கேட்டது. அதுதான் உங்கள் சந்தமா?" என்றாள். ஓம் என்று தலையாட்டினேன்.

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. "கொலோன் ஆசிரியருக்கு இது நன்றாகப் பிடித்திருக்கும். பத்து வருடமாக இதைத்தான் எழுதச் சொல்லி எங்களைக் கேட்கிறார். நீ அவருக்காக எழுதிக் கொடுத்துவிட்டாய்" என்றாள். மேலங்கியைப் போட்டுக்கொண்டு டிராமுக்குப் போனாள்.

அதற்குப் பிறகு மூன்று கிழமை அவள் என்னோடு ஒரு சொல் பேசவில்லை. ஒரே வாளிக் கிழங்கை இரண்டு பக்கம் இருந்து சீவினோம். வடை கொண்டுபோனேன், தொடவில்லை. மூன்றாம் கிழமை அண்ணைக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"அண்ணை, நான் பெரிய பிழை விட்டிட்டன். அது அவவின்ர கவிதை இல்லை. பாதி நான் எழுதினது."

"ஐயோ தங்கச்சி, சனம் அழுதிட்டுதே! இப்ப என்னெண்டு போய்ச் சொல்லுறது?"

"சரியான கவிதையை அடுத்த இதழில போடுங்கோ. என்ர பிழையைச் சொல்லி ஒரு குறிப்பும் எழுதித் தாறன்."

"எத்தினை வரி?"

"பதினொண்டு."

"அப்பச் சரி. இடம் கனக்கத் தேவையில்லை" என்றார்.

இந்தமுறை அவள் சொன்னபடியே எழுதினேன். கூட்டவில்லை, குறைக்கவில்லை. ஐந்தாவது வரியில் கை மறுபடி நின்றது. அதட்டி எழுத வைத்தேன். இதழ் வந்தது. பதினொரு வரியும் வந்திருந்தது. என் குறிப்பு வரவில்லை. கடைசி நேரத்தில் ஒரு மரண அறிவித்தல் வந்துவிட்டதாம். அண்ணையைக் குறை சொல்ல ஏலாது, செத்தவர் காத்திருக்க மாட்டார்.

பிறகு தொடங்கியது பாருங்கள் கூத்து! எங்கள் பத்திரிகைக்கு ஒருநாளும் வராத அளவுக்குக் கடிதம் வந்தது. ஸ்டுட்கார்ட்டிலிருந்து ஒருவர், "இது கவிதையோ, கடைக்கு எழுதிக் குடுக்கிற சாமான் துண்டோ?" என்று கேட்டிருந்தார். "புத்தகத்தை அடுப்பில வைச்சவளுக்கு எங்கட பத்திரிகையில என்ன வேலை?" என்று இன்னொருவர். ஒருவர் நாலு பக்கம் எழுதியிருந்தார், நாலு! அவளுக்கு ஆதரவாகவும் இரண்டு பேர் கிளம்பி அந்த நாலு பக்கக்காரரை வெளுத்திருந்தார்கள். எல்லாவற்றிலும் மோசமானது ஓர் அக்காவின் கடிதம். "போன இதழில அவ்வளவு அருமையா எழுதினவ, இந்த இதழில ஏன் இப்பிடிக் கெட்டுப்போனா? மொழிபெயர்த்தவ பாவம், அவ என்ன செய்வா?"

என் பதினேழு வரிக்கு வந்த புகழும் அவளுக்கு. அவளின் பதினொரு வரிக்கு வந்த திட்டும் அவளுக்கு. எனக்கு வந்தது பாவம் என்ற ஒரு சொல்.

அண்ணையிடம் கடிதங்களை வாங்கிக்கொண்டு அவள் வீட்டுக்கே போனேன். கதவைத் திறந்தவள் உள்ளே வா என்று சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை. குசினியில் நின்றபடியே பதினொரு வரியை முதலில் வாசித்துக் காட்டினேன். விரல் மடக்கினாள். மூக்கைத் தொட்டதும் நான் நிறுத்தினேன். பிறகு ஒவ்வொரு திட்டாக ஜெர்மனில் சொன்னேன். சாமான் துண்டுக்கு விழுந்து விழுந்து சிரித்தாள். அடுப்பில் புத்தகம் வைத்தவளுக்கு மேசையில் தட்டினாள். "உங்கள் ஆட்களும் எங்கள் ஆட்கள்தான்!" என்று கண்ணைத் துடைத்தாள். நான் சிரிக்கவில்லை.

"உனக்கு எத்தனை கடிதம்?" என்று கேட்டாள்.

"ஒன்றும் இல்லை. ஒருநாளும் இல்லை. அதனால்தான் அப்படிச் செய்தேன். எனக்கு உன்னில் பொறாமை" என்றேன். சொல்லிவிட்டேன். கோப்பிப் பானை அடுப்பில் பொங்கி வழிந்தது. இருவரும் அதைப் பார்க்கவில்லை.

அவள் எழுந்து மேசை லாச்சியை இழுத்துத் திறந்தாள். உள்ளேயிருந்து ஒரு தாளை எடுத்தாள். ஜெர்மனில் நான் எழுதிக் கொடுத்த பனியும் பனையும். இவ்வளவு நாளும் எறியாமல் வைத்திருக்கிறாள்.

"அன்றைக்கு இதை ஷேன் என்றாயே" என்றேன்.

"அன்றைக்கு நீ எனக்கு விருந்தாளி. விருந்தாளியை யாரும் அடிக்கிறதில்லை."

பென்சிலை எடுத்து, தாளை மேசையில் நேராக்கி, முதலாவது வரியிலிருந்து கடைசி வரிவரை ஒருமுறை ஆற அமர வாசித்தாள். பிறகு தலையை நிமிர்த்தி என் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்.

"இது மோசமான கவிதை."

நான் கதிரையை இழுத்துப்போட்டு அவளுக்கு எதிரே இருந்தேன்.

"ஏன்?" என்று கேட்டேன்.